நாற்பத்தைந்து நாள்

விற்கப்போகிறேன் என்று
முதலில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.
விற்றுவிட்டேன் என்று எழுதினால் குற்றம்.

சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் எதிரே,
ஜெராக்ஸ் கடைத் தகரத்தின் கீழ்
சுகந்தி எழுதினாள்.
என் கை நடுங்கும்.
அனுப்புநர்: கோ. ஏகாம்பரம், ஓய்வுபெற்ற நாயக்,
கம்மவான்பேட்டை.
பொருள்: ரைஃபிள் கைமாற்றம்.
பொருள் என்று எழுதிவிட்டுப்
பேனா கொஞ்சம் நின்றது.
வெயிலில் மை காய்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று ஒன்று ஐந்து போர், இஷாப்பூர் தயாரிப்பு.
பட்டாளம் விட்டு வந்தபின்
பாங்கி வாசலில் பதினெட்டு வருஷம்
நான் நின்றால் நின்றது,
உட்கார்ந்தால் மடியில் கிடந்தது.
ஒரு காக்காயைச் சுட்டதில்லை.
தோட்டா பத்து வாங்கினேன்.
பத்தும் இருக்கிறது, பச்சை பிடித்து.

வாங்குகிறவர் பேரணாம்பட்டு அப்சர் அலி.
குடியாத்தத்தில் நகைக்கடைக் காவலுக்குச் சேர்கிறார்.
அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கி இல்லை.
என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, கண் இல்லை.
காட்பாடி டீக்கடையில்
ஒரு டீ ஆறுவதற்குள் விலை படிந்துவிட்டது.
சட்டத்துக்கு டீ ஆறினால் போதாது.
நாற்பத்தைந்து நாள் ஆற வேண்டும்.

அதற்குள் கொடுத்தால் என்ன என்றேன்.
கிளார்க் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"அவர் புக்குல நம்பர் ஏறணும்,
உங்க புக்குல அடிக்கணும்.
அதுவரைக்கும்
அது உங்க வீட்டுதுதான் பெரியவரே."

பதினோராம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள்.
ஏட்டம்மா தாளைப் பார்த்துக் கேட்க,
என் மந்தக் காதுக்காகச் சுகந்தி
ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள்.
வாங்குகிறவரை எத்தனை வருஷமாகத் தெரியும்?
குடிப்பாரா?
கை ஓங்குகிற ஆளா?
அக்கம்பக்கத்தில் புகார் உண்டா?
வீட்டில் எங்கே வைப்பார்,
சாவி யாரிடம் இருக்கும்?

மூன்றாவதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.
அதுதான் எனக்கு நன்றாகக் கேட்டது.

வாலாஜாவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், ஒரு வெள்ளிக்கிழமை.
பதினாறாம் நாள்
கணியம்பாடி மண்டபத்தில் முகூர்த்தம்.
ரைஸ்மில் இருக்கிறது என்றார்கள்.
அமைதியான பையன் என்றாள் என் தங்கை,
அவன் வாய் திறந்து யாரும் பார்க்காததால்.
நான் யாருக்கும் ஒரு கடுதாசி எழுதவில்லை.
எந்த ஏட்டும் கூப்பிட்டு
எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
ஐயா, பதினாறு நாளாக
என்றிருப்பேன், விறைப்பாக, சல்யூட் வைத்து.

ரேஷன் கார்டில் என் பக்கம் அடித்தோம்.
அவன் பக்கம் ஏற்றினோம்.
இரண்டு வருஷம் கழித்து ஒரு விடியற்காலை,
இடது காதில் கம்மல் இல்லாமல்,
கதவைத் தட்டாமல் வெளியே உட்கார்ந்திருந்தாள்.
நான் பால் வாங்கத் திறந்தபோதுதான் பார்த்தேன்.
அவளுக்கான சர்க்கரையும் பருப்பும்
இன்னும் வாலாஜாவில்தான் போடுகிறார்கள்.

அன்றிலிருந்து ராத்திரிகளில்
ரைஃபிளுக்கு எண்ணெய் போட்டேன்.
விற்கிற பொருள் துருப்பிடிக்கக் கூடாது.
அதற்கு மட்டும்தான்.
வேறு எதையோ நினைத்துப்
போல்ட்டை இழுத்த ஒரு ராத்திரியும் உண்டு.
சுகந்தி விளக்கைப் போட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே
கண்ணாடி ஒட்டிய துணியில் சுற்றி எடுத்து வைத்து,
வித்துடுங்க, என்றாள்.

நாற்பத்தாறாம் நாள்.
அப்சர் அலி குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.
"குறை ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."
கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும், என்றேன்.
சுட்டதே இல்லை என்றீர்களே, என்றார்.
எனக்குப் பதில் வரவில்லை.
இரண்டு புத்தகத்திலும் முத்திரை விழுந்தது.

படியிறங்கினேன். வலது தோள்
தானாகத் தூக்கிக்கொண்டே வந்தது.
திரும்பினால் சுகந்தி இல்லை.
அந்தப் பக்கம், வழங்கல் பிரிவு ஜன்னலில்
குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்:

"ஒரு பேர் அடிக்கணும் சார்.
எத்தனை நாள் ஆகும்?"